ஜெர்மனியில் மாஸ்டர்ஸ்: விண்ணப்ப வேலைகளை எந்த வரிசையில் செய்வது

தமிழ்நாட்டில் பி.இ., பி.டெக்., பி.எஸ்சி. முடித்துவிட்டு, அல்லது இறுதியாண்டில் இருந்துகொண்டு, ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆங்கிலவழி மாஸ்டர்ஸ் சேர நினைப்பவர்களுக்கான வழிகாட்டி இது. அக்டோபரில் தொடங்கும் வின்டர் இன்டேக்கை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். ஏப்ரலில் தொடங்கும் சம்மர் இன்டேக்குக்கும் வரிசை இதேதான், மாதங்கள் மட்டும் மாறும்.

ஜூனியர்களின் விண்ணப்பங்களைக் கூடவே இருந்து பார்த்ததில், தகுதி போதாமல் இடத்தைத் தவறவிட்டவர்களைவிட வேலைகளை முன்பின்னாகச் செய்து தவறவிட்டவர்களே அதிகம். பெரும்பாலோர் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வுக்கான கோச்சிங்கில் ஆரம்பிக்கிறார்கள். அடுத்து தரவரிசைப் பட்டியல் பார்த்துப் பத்துப் பல்கலைக்கழகங்களைக் குறித்துக்கொள்கிறார்கள். அப்புறம் எஸ்ஓபி, அதாவது ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கும் கடிதம், எழுத உட்காருகிறார்கள். ஏபிஎஸ் என்று ஒரு சான்று சரிபார்ப்பு இருப்பது ஏப்ரலில்தான் தெரிய வருகிறது. அடுத்தவர் கையில் இருக்கும் வேலைகளை முதலில் கிளப்பிவிட வேண்டும். நம் கையில் இருப்பவற்றை அவை நடந்துகொண்டிருக்கும்போது செய்துகொள்ளலாம். கீழே உள்ள வரிசை முழுக்க அந்தக் கணக்கில் போட்டது.

## 1. காலண்டரைப் பின்னாலிருந்து போடுங்கள்

குளிர்காலப் பருவம் அதிகாரபூர்வமாக அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. வகுப்புகள் அக்டோபர் மத்தியில். ஜூலை 15 என்ற கடைசித் தேதியை எல்லோரும் சொல்வார்கள். அதை நம்பி உட்கார்ந்தால் போச்சு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு விசா எடுக்க நேரம் தேவை என்பதால் பல பல்கலைக்கழகங்கள் முன்கூட்டியே கதவை மூடிவிடும். ஆகன் நகரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான ஆர்டபிள்யூடிஎச்சில் பல மாஸ்டர்ஸ் படிப்புகளுக்கு நமக்கான கடைசி நாள் மார்ச் 1. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பெரும்பாலான படிப்புகளுக்கு மே 31.

ஆக, அக்டோபரில் வகுப்பில் உட்கார வேண்டுமென்றால் முந்தைய ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பரிலேயே வேலையைத் தொடங்க வேண்டும். இறுதியாண்டு மாணவருக்கு அது ஏழாவது செமஸ்டரின் ஆரம்பம். கேம்பஸ் பிளேஸ்மென்ட் நடக்கும் அதே நேரம்தான், தெரியும். ஆனால் அந்த மாதங்களில் செய்ய வேண்டியது பெரும்பாலும் காகித வேலை, படிக்கிற வேலை இல்லை.

## 2. முதலில் பெயரைச் சரிபாருங்கள்

வேறு எந்த மாநிலத்துக்காரருக்கும் இல்லாத அளவுக்கு நமக்கு இருக்கும் தொல்லை இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘கார்த்திக் எஸ்’, கல்லூரி மார்க் ஷீட்டில் ‘எஸ். கார்த்திக்’, பாஸ்போர்ட்டில் பெயர் ‘கார்த்திக்’, சர்நேம் ‘செல்வராஜ்’. நமக்கு இவை மூன்றும் ஒரே ஆள். ஜெர்மன் அலுவலகத்தில் கோப்பைப் பிரிப்பவருக்கு ‘எஸ்’ என்பதும் ‘செல்வராஜ்’ என்பதும் ஒன்று என்று தெரிய வழியில்லை.

பாஸ்போர்ட்டை அச்சாணியாக வைத்துக்கொள்ளுங்கள். ஏபிஎஸ், ஐஇஎல்டிஎஸ், யூனி அசிஸ்ட் (விண்ணப்பங்களை முதலில் பார்க்கும் அமைப்பு), பிளாக்டு அக்கவுண்ட் (விசாவுக்காகச் செலவுப் பணம் போட்டுவைக்கும் கணக்கு) எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுத்து மாறாமல் அப்படியே போட வேண்டும். பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்தால் ஒவ்வொரு படிவமும் ‘குடும்பப் பெயர் கட்டாயம்’ என்று நின்றுவிடும். ஒரு தளத்தில் புள்ளியும் இன்னொன்றில் பெயரையே இருமுறையும் போட்டுச் சமாளிப்பவர்கள் உண்டு. கடைசியில் நான்கு ஆவணத்தில் நான்கு பெயர் இருக்கும். நேரம் இருந்தால் அப்பா பெயரைச் சர்நேமாகச் சேர்த்துப் பாஸ்போர்ட்டை ரீ-இஷ்யூ செய்துவிடுவதே நிம்மதி. அதை இந்தக் கட்டத்திலேயே செய்ய வேண்டும். ஐஇஎல்டிஎஸ் எழுதிய பிறகு பாஸ்போர்ட்டை மாற்றினால் குழப்பம் இரட்டிப்பாகும்.

மார்க் ஷீட்டை மாற்றத் தேவையில்லை. இனிஷியலின் விரிவு இன்னது, இரு பெயரும் ஒரே நபரையே குறிக்கும் என்று நோட்டரி முன்னிலையில் ஓர் அஃபிடவிட் எடுத்து, கேட்கும் இடத்தில் இணைத்தால் போதும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் இருக்கும் பக்கத்தின் நகலையும் உடன் வையுங்கள். எஸ் என்றால் செல்வராஜ் என்பதற்கு அதுவே சாட்சி.

## 3. கல்லூரியிலிருந்து வர வேண்டியவை

எல்லா செமஸ்டர் மார்க் ஷீட்டுகள், பல்கலைக்கழக டிரான்ஸ்கிரிப்ட், ப்ரொவிஷனல் அல்லது பட்டச் சான்றிதழ், பத்து, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்கள், மதிப்பெண் முறையை விளக்கும் பக்கம், பாடத்திட்டம். இவ்வளவும் வேண்டும்.

அரியர் இருந்தால் தோல்வியடைந்த மார்க் ஷீட், பிறகு எழுதித் தேறிய மார்க் ஷீட் இரண்டையும் வையுங்கள். அரியரை மறைப்பதற்காகச் சுத்தமான கன்சாலிடேட்டட் ஷீட்டை மட்டும் அனுப்பலாமா என்று கேட்பவர்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு. மூன்றாம் செமஸ்டர் தாள் ஒன்றுக்குப் பக்கத்தில் ஐந்தாம் செமஸ்டர் தேதி இருந்தால் யாருக்கும் புரிந்துவிடும். நான்கைந்து அரியர் இருந்தும் இடம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஆவணம் குறைகிறது என்று கோப்பு திரும்பி வந்தால்தான் மாதங்கள் வீணாகும்.

இணைப்புக் கல்லூரியில் படித்தவர்கள் கவனிக்க வேண்டியது: டிரான்ஸ்கிரிப்ட்டைப் பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம்தான் தர வேண்டும். கல்லூரி தானே அச்சடித்துப் பிரின்சிபால் கையெழுத்துடன் கொடுப்பதைச் சில இடங்கள் ஏற்கும், சில இடங்கள் ஏற்காது. அதனால் முதல் வாரத்திலேயே பல்கலைக்கழகத்தில் விண்ணப்பித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

மதிப்பெண் முறைப் பக்கம் பெரும்பாலும் மார்க் ஷீட்டின் பின்பக்கத்தில் அச்சாகியிருக்கும். ஸ்கேன் எடுக்கும்போது முன்பக்கத்தை மட்டும் எடுப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. அந்தப் பின்பக்கம் ஏன் முக்கியம் என்பது ஐந்தாவது படியில் புரியும்.

## 4. ஏபிஎஸ்: எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம்

ஏபிஎஸ் என்பது டெல்லியில் உள்ள ஜெர்மன் தூதரகத்தோடு இணைந்த கல்விச் சான்று சரிபார்ப்பு மையம். நம் மார்க் ஷீட்டும் பட்டமும் உண்மையானவை, ஜெர்மனியில் மேல்படிப்புக்கு ஏற்றவை என்று அது ஒரு சான்றிதழ் தரும். 2022 நவம்பர் 1 முதல் இந்திய மாணவர்களின் ஸ்டூடன்ட் விசாவுக்கு அது கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய்.

‘விசாவுக்குத்தானே, அட்மிஷன் கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்ற எண்ணம்தான் இங்கே ஆளை விழுத்துகிறது. பல பல்கலைக்கழகங்களும் யூனி அசிஸ்ட்டும் விண்ணப்பத்தின்போதே ஏபிஎஸ் சான்றிதழைக் கேட்கின்றன. அது இல்லாத விண்ணப்பம் முழுமையடையாத விண்ணப்பம். கூட்டம் இல்லாத மாதங்களில் சில வாரங்களில் வந்துவிடும் சான்றிதழ், எல்லோரும் விழித்துக்கொள்ளும் பிப்ரவரி, மார்ச்சில் இழுத்தடிக்கும்.

இறுதியாண்டு மாணவர்களும் அதுவரை வந்த மார்க் ஷீட்டுகளை வைத்து விண்ணப்பிக்கலாம். எத்தனை செமஸ்டர் முடிந்திருக்க வேண்டும், எந்தெந்த ஆவணம் என்பதை ஏபிஎஸ் தளத்தில் அன்றைக்கு இருக்கும் பட்டியலைப் பார்த்தே தயார் செய்யுங்கள். சீனியர் கொடுத்த பழைய பிடிஎஃப் வேண்டாம். பட்டியல் பலமுறை மாறியிருக்கிறது. படிவத்தில் கையெழுத்து விட்டுப்போவது, பணம் அனுப்பும்போது அவர்கள் கேட்ட குறிப்பைப் போடாமல் விடுவது, ஒரு செமஸ்டர் மார்க் ஷீட் குறைவது ஆகிய மூன்றும்தான் தாமதத்துக்கு வழக்கமான காரணங்கள்.

## 5. உங்கள் சிஜிபிஏ ஜெர்மனியில் எவ்வளவு

ஜெர்மன் மதிப்பெண் தலைகீழ்: 1.0 உச்சம், 4.0 தேர்ச்சிக்கான விளிம்பு. நம் சிஜிபிஏவை அதற்கு மாற்ற ‘பவேரிய சூத்திரம்’ என்று ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். உச்ச மதிப்பெண்ணிலிருந்து நீங்கள் எடுத்ததைக் கழியுங்கள். உச்ச மதிப்பெண்ணிலிருந்து குறைந்தபட்சத் தேர்ச்சியைக் கழியுங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1-ஐக் கூட்டுங்கள்.

சிஜிபிஏ 8.0 என்று வைத்துக்கொள்வோம். தேர்ச்சிக்கான குறைந்தபட்ச கிரேடு பாயிண்ட் 5 என்றால்: 2-ஐ 5-ஆல் வகுத்தால் 0.4, மும்மடங்கு 1.2, ஆக 2.2. அதே 8.0, ஆனால் குறைந்தபட்சம் 6 என்று இருக்கும் விதிமுறையில் படித்தவருக்கு: 2-ஐ 4-ஆல் வகுத்தால் 0.5, மும்மடங்கு 1.5, ஆக 2.5. ஒரே சிஜிபிஏ, ஒருவர் 2.2, இன்னொருவர் 2.5. ‘2.5 அல்லது அதைவிடச் சிறந்த மதிப்பெண்’ என்று கேட்கும் படிப்பில் முதலாமவர் நிம்மதியாக இருப்பார். இரண்டாமவர் விளிம்பில் நிற்பார்.

மார்க் ஷீட்டின் பின்பக்கத்தை விடாமல் ஸ்கேன் செய்யச் சொன்னது இதற்குத்தான். அண்ணா பல்கலைக்கழகத்திலேயே 2013, 2017, 2021 விதிமுறைகளில் கிரேடு முறை ஒன்றுபோல் இல்லை. குறைந்தபட்சத் தேர்ச்சி எது என்று எழுத்தில் காட்டாவிட்டால், மதிப்பிடுபவர் தன்னிடம் உள்ள பொது அட்டவணையை எடுத்துக்கொள்வார். அது உங்களுக்குச் சாதகமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இணையத்தில் கிடைக்கும் கால்குலேட்டர்களிலும் குறைந்தபட்சம் என்ற கட்டத்தில் என்ன எண் நிரப்பியிருக்கிறது என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

## 6. படிப்பைத் தேர்ந்தெடுத்தல்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

டிஏஏடி என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் தளத்தில் சர்வதேசப் படிப்புகளைத் தேடும் வசதி இருக்கிறது. ஆங்கிலவழி, மாஸ்டர்ஸ், துறை என்று வடிகட்டி ஒரு நீண்ட பட்டியல் எடுங்கள். தரவரிசையை மறந்துவிடுங்கள். பட்டியலில் உள்ள ஒவ்வொரு படிப்பின் சொந்தப் பக்கத்துக்கும் போய் அட்மிஷன் விதிமுறை ஆவணத்தைத் தேடி எடுங்கள். பெரும்பாலும் அது ஜெர்மன் மொழியில் ஒரு பிடிஎஃப். மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுப் படித்தால் போதும். விளம்பரப் பக்கத்தில் ‘மெக்கானிக்கல் அல்லது தொடர்புடைய துறையில் இளநிலைப் பட்டம்’ என்று ஒரு வரி இருக்கும். பிடிஎஃப்பில்தான் ‘கணிதத்தில் இத்தனை இசிடிஎஸ் (ஐரோப்பிய கிரெடிட்), தெர்மோடைனமிக்ஸில் இத்தனை’ என்ற உண்மை இருக்கும்.

மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பே பாடப் பொருத்தத்தைப் பார்ப்பது அங்கே பரவலான வழக்கம். 9.2 சிஜிபிஏ உள்ளவர் நிராகரிக்கப்பட்டு 7.6 உள்ளவருக்கு இடம் கிடைப்பதைப் பார்த்து நம் பசங்க ‘லக்’ என்பார்கள். கடிதத்தை முழுக்கப் படித்தால் எந்தப் பாடப்பிரிவில் எத்தனை கிரெடிட் குறைகிறது என்று எழுதியே இருக்கும்.

இசிடிஎஸ் கணக்கு இப்படி. ஒரு முழு ஆண்டுப் படிப்பு 60 இசிடிஎஸ், ஒரு இசிடிஎஸ் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. நம் நான்காண்டுப் பட்டத்தை 240 என்று எடுத்துக்கொண்டு, உங்கள் மொத்த கிரெடிட்டால் வகுத்தால் ஒரு கிரெடிட்டுக்கு எவ்வளவு என்று தோராயமாக வரும். மொத்தம் 160 கிரெடிட் என்றால் 1.5.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் மெக்கானிக்கல் படித்தவரை எடுத்துக்கொள்வோம். முதல் செமஸ்டரில் மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ், இரண்டாவதில் ஸ்டாடிஸ்டிக்ஸ் அண்ட் நியூமெரிக்கல் மெத்தட்ஸ், மூன்றாவதில் டிரான்ஸ்ஃபார்ம்ஸ் அண்ட் பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ். தலா 4 கிரெடிட். ஒவ்வொன்றும் 6 இசிடிஎஸ், மொத்தம் 18. ஒரு படிப்பு கணிதத்தில் 20 கேட்டால் இரண்டு குறைகிறது. ஃபைனைட் எலிமென்ட் தாளில் கணிதம் நிறைய இருக்கிறதே என்று அதையும் கணிதத்தில் சேர்ப்பவர்கள் உண்டு. தேர்வுக் குழு அதைப் பொறியியல் பாடமாகத்தான் பார்க்கும். அப்படிப்பட்ட நிலையில், 15 கேட்கும் படிப்புகளைப் பட்டியலில் மேலே ஏற்றுங்கள். 20 கேட்பதை ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பட்டியலில் எஞ்சும் ஒவ்வொரு படிப்புக்கும் ஓர் எக்செல் ஷீட் போடுங்கள். இடப்பக்கம் அவர்கள் கேட்கும் பாடப்பிரிவு, வலப்பக்கம் உங்கள் தாளின் பெயர், குறியீடு, கிரெடிட், இசிடிஎஸ், பாடத்திட்டத்தில் அது இருக்கும் பக்க எண். பல பல்கலைக்கழகங்கள் இதே அட்டவணையைத் தங்கள் படிவத்தில் நிரப்பித் தரச் சொல்கின்றன. கேட்காத இடத்திலும் இது உங்களுக்கு உதவும். எஸ்ஓபியில் எழுத வேண்டிய விஷயம் பாதி இதிலிருந்தே கிடைக்கும். ஒரே தாளை இரண்டு பிரிவில் காட்டாதீர்கள். உடனே கண்ணில் படும்.

மூன்றாண்டு பி.எஸ்சி. பட்டக்காரர்களுக்கு ஒரு கூடுதல் வேலை. ஜெர்மனியின் இளநிலைப் பட்டங்கள் பெரும்பாலும் 180 அல்லது 210 இசிடிஎஸ். இரண்டாண்டு மாஸ்டர்ஸ் பெரும்பாலும் 180 கேட்கும், ஒன்றரை ஆண்டு மாஸ்டர்ஸ் பல 210 கேட்கும். முதல் வகைக்கு முன்னுரிமை கொடுங்கள். உங்கள் கல்லூரியும் பட்டமும் அனாபின் என்ற ஜெர்மன் அரசுத் தரவுத்தளத்தில் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கின்றன என்பதையும் பார்த்துவிடுங்கள். கல்வி நிறுவனத்துக்கு ‘எச் பிளஸ்’ என்று இருந்தால் அங்கீகாரம் உண்டு என்று பொருள்.

கன்சல்டன்சி பற்றி ஒரு வார்த்தை. இலவசமாகச் செய்துதரும் இடங்களில் பலவற்றுக்குத் தனியார் பல்கலைக்கழகங்களிடமிருந்து கமிஷன் வருகிறது. அதனால் அவர்கள் நீட்டும் பட்டியலில் ஆண்டுக்குப் பல ஆயிரம் யூரோ கட்டணம் வாங்கும் தனியார் இடங்கள் மேலே இருக்கும். தனியார் என்றாலே மோசம் என்று இல்லை. பட்டியலில் உள்ள பெயர் அரசா தனியாரா, தனியார் என்றால் அரசு அங்கீகாரம் உள்ளதா என்று நீங்களே பாருங்கள்.

## 7. மொழித் தேர்வு

ஆங்கிலவழிப் படிப்புகள் பெரும்பாலும் ஐஇஎல்டிஎஸ் 6.5 அல்லது அதற்கு ஈடான டோஃபல் கேட்கின்றன; சில 6.0, சில 7.0. அகாடமிக் தேர்வுதான் எழுத வேண்டும், ஜெனரல் ஏற்கப்படாது. மதிப்பெண் இரண்டு ஆண்டுகள் செல்லும் என்பதால் ஏபிஎஸ் காத்திருப்பில் இதை முடித்துக்கொள்ளலாம்.

‘ஆங்கிலத்தில்தான் படித்தோம்’ என்று கல்லூரி தரும் மீடியம் ஆஃப் இன்ஸ்ட்ரக்ஷன் சான்றிதழைச் சில இடங்கள் ஏற்கின்றன. அதை மட்டும் நம்பினால் பட்டியல் சுருங்கிவிடும். ஜெர்மன் மொழியின் தொடக்க நிலையான ஏ1 பல ஆங்கிலவழிப் படிப்புகளில் கட்டாயமில்லை, சிலவற்றில் சேர்ந்த பிறகு முதல் ஆண்டுக்குள் காட்டச் சொல்வார்கள். என் கருத்தைக் கேட்டால், அடுத்த நிலையான ஏ2 வரையாவது இங்கேயே படித்துவிட்டுப் போங்கள். பகுதிநேர வேலைக்கும் வீடு தேடவும் அது வேண்டியிருக்கும். ஜிஆர்இ என்ற பொதுத் திறன் தேர்வு ஒருசில படிப்புகளில் மட்டுமே. உங்கள் பட்டியலில் உள்ள படிப்பு கேட்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

## 8. எஸ்ஓபி, சிவி, எல்ஓஆர்

இதைக் கடைசிக்குத் தள்ளியதன் காரணம், ஆறாவது படியின் அட்டவணை கையில் இல்லாமல் எழுதும் எஸ்ஓபி எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் பொதுவான புகழுரையாக முடிகிறது. ‘சிறுவயதிலிருந்தே இயந்திரங்கள் மீது எனக்குத் தீராத ஆர்வம்’ என்று தொடங்கும் முதல் பத்தியை அடித்துவிடுங்கள். ஜெர்மனியின் பொருளாதாரத்தையும் கார் தொழிலையும் பாராட்டும் பத்தியும் வேண்டாம்; படிப்பவர் அந்த ஊர்க்காரர், அவருக்குத் தெரியும்.

என்ன தாள்கள் படித்தேன், இறுதியாண்டு புராஜெக்ட்டில் நான் செய்த பகுதி எது, எங்கே நின்றுபோனது, இந்தப் படிப்பின் எந்த மாடியூல் அதைத் தாண்ட உதவும். இந்த நான்கும் இருந்தால் ஒன்றரைப் பக்கம் போதும். நான்கு பேர் செய்த புராஜெக்ட்டில் ‘நாங்கள்’ என்றே எழுதிக்கொண்டு போனால் உங்கள் பங்கு தெரியாது. பிறர் எழுதிய மாதிரியை எடுத்துத் திருத்தாதீர்கள். இந்தக் கடிதத்தை நானே எழுதினேன் என்று கையெழுத்திட்டுத் தரச் சொல்லும் இடங்கள் உண்டு.

சிவி இரண்டு பக்கத்துக்குள், தேதிகளுடன், இடைவெளி இல்லாமல். 2023 ஜூனிலிருந்து 2024 ஜனவரி வரை வீட்டில் இருந்து தேர்வுக்குப் படித்தீர்களா, அப்படியே போடுங்கள். காலியாக விட்டால் விசாவின்போது அந்தக் கேள்வி வரும்.

எல்ஓஆர் எனும் சிபாரிசுக் கடிதத்தைப் பல அரசுப் பல்கலைக்கழகங்கள் கேட்பதே இல்லை. கேட்டால், ‘நீயே எழுதிக் கொண்டு வாப்பா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்’ என்பார் ஹெச்ஓடி. அது நம் ஊர் வழக்கம். ஆனால் எஸ்ஓபியும் இரண்டு எல்ஓஆரும் ஒரே நடையில் ஒரே சொற்களில் இருந்தால் அங்கே சந்தேகம் வரும். நீங்கள் செய்த வேலைகளை ஒரு பக்கத்தில் குறிப்புகளாக எழுதிக் கொடுத்து, ‘சார், இதை வைத்து நீங்களே எழுதிக்கொடுத்தால் நன்றாக இருக்கும்’ என்று கேளுங்கள். கடிதத்தில் லெட்டர்ஹெட்டும், ஜிமெயிலுக்குப் பதில் கல்லூரி மின்னஞ்சல் முகவரியும் இருக்க வேண்டும்.

## 9. விண்ணப்பித்தல்: யூனி அசிஸ்ட்டா, நேரடியா

விண்ணப்ப வழிகள் மூன்று வகை. பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்தில் நேரடியாக, யூனி அசிஸ்ட் வழியாக, இரண்டும் சேர்ந்து. எந்தப் படிப்புக்கு எது என்பதை உங்கள் எக்செல்லில் ஒரு நெடுவரிசையாகச் சேர்த்துவிடுங்கள்.

யூனி அசிஸ்ட் பெர்லினில் உள்ள பொது அமைப்பு. பல பல்கலைக்கழகங்களுக்காக வெளிநாட்டுச் சான்றிதழ்களை முதற்கட்டமாகப் பார்த்து அனுப்பும். ஒரு பருவத்தில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்து ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. எட்டு விண்ணப்பம் போட்டால் 285 யூரோ. பணம் வந்து சேரும் வரை கோப்பைத் தொட மாட்டார்கள். பரிசீலனைக்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். கடைசி நாளன்று சமர்ப்பித்தாலும் ஏற்பார்கள், ஆனால் ஏதாவது ஆவணம் குறைந்தால் அதைச் சரிசெய்ய அப்போது நாள் இருக்காது. இரண்டு மாதம் முன்னால் போட்டவருக்குக் ‘குறைகிறது’ என்று மின்னஞ்சல் வரும்போது திருத்தி அனுப்ப நேரம் இருக்கும்.

மூன்றாவது வகையில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். அங்கே யூனி அசிஸ்ட் உங்களுக்கு விபிடி என்ற முன்பரிசீலனைச் சான்றைத் தரும்; அதில் உங்கள் ஜெர்மன் மதிப்பெண் குறிக்கப்பட்டிருக்கும். அதை எடுத்துக்கொண்டு நீங்கள்தான் பல்கலைக்கழகத் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இப்படிச் செய்கிறது. விபிடி வந்துவிட்டது, விண்ணப்பம் முடிந்தது என்று நினைத்து உட்கார்ந்திருந்தவர்கள் இருக்கிறார்கள். அது நுழைவுச் சீட்டு மாதிரி. உள்ளே போகும் வேலை பாக்கி இருக்கிறது.

ஸ்கேன்கள் ஒரிஜினலிலிருந்து, வண்ணத்தில், பக்கம் நேராக இருக்க வேண்டும். மொபைல் ஆப்பில் எடுத்துக் கருப்பு வெள்ளையாக்கிய படங்களில் முத்திரை தெரியாது. சான்றளித்த நகல் கேட்கும் இடங்களில் யார் சான்றளிக்கலாம் என்று தளத்தில் எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு நோட்டரியிடம் போங்கள்.

## 10. பணக் கணக்கு

அட்மிஷன் வரும் வரை இதைப் பற்றி வீட்டில் பேசாமல் இருப்பது வழக்கம். தவறு. பிப்ரவரியிலேயே அப்பா அம்மாவிடம் இந்த எண்களைச் சொல்லிவிடுங்கள்.

விசாவுக்கு ஓராண்டுச் செலவுப் பணத்தை பிளாக்டு அக்கவுண்டில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து மாதம் 992 யூரோ வீதம் 11,904 யூரோ. விண்ணப்பிக்கும் நேரத்தில் தொகை உயர்ந்திருக்கிறதா என்று தூதரகத் தளத்தில் பாருங்கள். அது கட்டணம் இல்லை, உங்கள் பணம். அங்கே போன பிறகு மாதாமாதம் உங்களுக்கே வரும். எக்ஸ்பாட்ரியோ, ஃபின்டிபா போன்றவற்றில் இங்கிருந்தே கணக்குத் தொடங்கலாம். ஓராண்டுத் தொகை பத்து லட்ச ரூபாயைத் தாண்டுவதால், சொந்தப் பணமாக அனுப்பும்போது வங்கி டிசிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடிக்க வாய்ப்புண்டு. அந்தத் தொகையை வருமான வரிக் கணக்கில் திரும்பக் கேட்கலாம். கல்விக் கடனிலிருந்து போனால் சலுகை உண்டு. வங்கி மேலாளரிடம் முன்பே பேசுங்கள்.

‘ஜெர்மனியில் படிப்பு இலவசம்’ என்பது பெரும்பாலும் சரி, முழுக்கச் சரியில்லை. பல மாநிலங்களில் செமஸ்டர் கட்டணமாகச் சில நூறு யூரோவோடு முடிந்துவிடும். பாடன் வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் (ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூவ, ஹைடல்பர்க் எல்லாம் அங்கேதான்) நம்மைப் போன்றவர்களுக்குச் செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து புதிதாகச் சேரும் வெளிநாட்டு மாணவர்களிடம் மாஸ்டர்ஸுக்குச் செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ வாங்குகிறது. பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்துவிட்டுக் கடன் கணக்குப் போட்டவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

பகுதிநேர வேலை செய்யலாம். ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வரை அனுமதி. முதல் செமஸ்டரின் செலவை அந்த வருமானத்தை நம்பிப் போடாதீர்கள்.

## 11. அட்மிஷன் வந்த பிறகு

கடிதத்தில் ஒரு தேதி இருக்கும்: இடத்தை ஏற்றுக்கொள்வதாகத் தெரிவிக்க வேண்டிய கடைசி நாள். வேறு நல்ல இடத்திலிருந்து பதில் வரட்டும் என்று காத்திருந்து அந்த நாளைத் தாண்டினால் இருந்த இடமும் போகும்.

நிராகரிப்பு வந்தால் காரணத்தைப் படியுங்கள். கிரெடிட்டைத் தவறாக எண்ணியிருக்கிறார்கள் என்று ஆவணத்தோடு காட்ட முடிந்தால், கடிதத்தின் அடியில் சொல்லியிருக்கும் காலத்துக்குள் எதிர்ப்பு மனு போடலாம். ‘இன்னொரு வாய்ப்பு தாருங்கள்’ என்ற வேண்டுகோளுக்குப் பலன் இல்லை.

அட்மிஷன் கிடைத்த அன்றே செய்ய வேண்டியவை இரண்டு: விடுதிக்கு விண்ணப்பம், விசா. விடுதிகளை நடத்தும் மாணவர் சேவை அமைப்பு ‘ஸ்டூடியரன்டன்வெர்க்’. பெரிய நகரங்களில் காத்திருப்போர் பட்டியல் நீளம், அதனால் ஒரு நாள் முன்னால் போட்டாலும் லாபம்.

விசாவுக்கு ஜெர்மன் வெளியுறவுத் துறையின் இணையப் போர்ட்டலில் ஆவணங்களைப் பதிவேற்றிவிட்டு, விசா விண்ணப்பங்களை வாங்கும் விஎஃப்எஸ் மையத்தில் நேரில் போய்க் கைரேகை கொடுக்க வேண்டும். கட்டணம் 75 யூரோ. அட்மிஷன் கடிதம், ஏபிஎஸ், பிளாக்டு அக்கவுண்ட் உறுதிச்சான்று, மருத்துவக் காப்பீடு, மொழிச் சான்று, சிவி, விசாவுக்கென்று தனியாக எழுதிய விளக்கக் கடிதம் ஆகியவை வேண்டும். காப்பீட்டில் ஒரு நுணுக்கம்: அங்கே பதிவு செய்த பிறகுதான் மாணவர் காப்பீடு ஓடத் தொடங்கும். விமானம் ஏறும் நாளிலிருந்து அதுவரைக்கும் பயணக் காப்பீடு தனியாக வேண்டும்.

விசா மறுக்கப்பட்டால் முன்பெல்லாம் தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்கலாம். 2025 ஜூலை 1 முதல் அந்த வழியை எடுத்துவிட்டார்கள். இனிப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது பெர்லினில் வழக்குப் போட வேண்டும். செப்டம்பரில் மறுப்பு வந்தால் அந்தப் பருவம் போனதுதான். அதனால் பதிவேற்றும் முன் ஒவ்வொரு ஆவணத்தையும் பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பெயரையும் பிறந்த தேதியையும் இன்னொருவரை விட்டு வாசிக்கச் சொல்லிச் சரிபாருங்கள்.

இறுதியாண்டு முடித்த கையோடு போகிறவர்கள் நிபந்தனை அட்மிஷனில் போகிறார்கள். பட்டச் சான்றிதழை இன்ன தேதிக்குள் தர வேண்டும் என்று கடிதத்தில் இருக்கும். பட்டமளிப்பு விழா அதற்குள் நடக்காது. ஆகவே எட்டாவது செமஸ்டர் ரிசல்ட் வந்ததும் ப்ரொவிஷனல் சான்றிதழையும் கன்சாலிடேட்டட் மார்க் ஷீட்டையும் வாங்கிவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும். வாங்க முடியாமல் போனால், உங்கள் சார்பில் பெற்றுக்கொள்ள அப்பாவுக்கோ அம்மாவுக்கோ கையெழுத்திட்ட அனுமதிக் கடிதத்தையும் அடையாள அட்டை நகலையும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். கல்லூரி அலுவலகத்தில் அந்தக் கடிதம் இல்லாமல் எதுவும் தர மாட்டார்கள்.